வெளிநாட்டில் கண்முன்னே தடியடி: பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊர் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில், வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் போலீஸ் அடித்துக் கலைப்பதைப் பார்க்க நேர்ந்தவர்களும், அப்படி நேர்ந்துவிடுமோ என்று அஞ்சுபவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. நான் வழக்கறிஞர் அல்ல, மருத்துவரும் அல்ல. ஒருமுறை இதில் மாட்டிக்கொண்டு, தவறுக்கு மேல் தவறு செய்துவிட்டு, ஊர் திரும்பியபின் உட்கார்ந்து படித்தவன். அது எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கு அறை கொடுத்த அம்மாள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

போராட்டம் நடக்கும் பக்கமே நான் போக மாட்டேன். எனக்கு எப்படி இது நேரும்?

நீங்கள் போக வேண்டாம், அது உங்களைத் தேடி வரும். பயணக் கையேடுகள் முதலில் போகச் சொல்லும் இடங்களும், அந்த நாட்டு மக்கள் கோபம் வந்தால் கூடும் இடங்களும் பெரும்பாலும் ஒன்றுதான். இஸ்தான்புல்லின் தக்சிம் சதுக்கம், கொழும்பின் காலிமுகத்திடல், கோலாலம்பூரின் மெர்டேக்கா சதுக்கம், திபிலிசியின் ருஸ்தாவேலி வீதி என்று எதை எடுத்துக்கொண்டாலும் இதே கதை. 2020 அக்டோபர் 16 மாலை பாங்காக்கில் போலீஸ் தண்ணீர் பீய்ச்சியடித்தது பதும்வன் சந்திப்பில். சுற்றிலும் பெரிய வணிக வளாகங்கள் உள்ள இடம் அது. தண்ணீரில் நீலச் சாயமும் எரிச்சலூட்டும் ரசாயனமும் கலந்திருந்தார்கள். போராட வந்தவர் யார், துணி வாங்க வந்தவர் யார் என்று சாயத்துக்குத் தெரியாது. நனைந்தவரெல்லாம் நீலம்தான்.

கலைக்கப் போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரியுமா?

உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். அவர்களைக் கவனித்தால் உங்களுக்கும் தெரியும்.

அன்று நான் ஒரு காப்பிக் கடையில் இருந்தேன். எதிரே சதுக்கத்தில் ஆயிரம் பேராவது உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். தெருவின் கோடியில் ஒரு ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, பிறகு அதற்கடுத்த கடை. சத்தம் என்னை நோக்கி நகர்ந்து வந்துகொண்டிருந்தது. கடைக்காரர் பாதி குடித்த கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நான் பில் கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு விளக்கை அணைத்தார். காசு வேண்டாம் என்று ஒரு கடைக்காரரே சொல்லும்போது எழுந்து நடந்துவிட வேண்டும் என்ற அறிவு எனக்கு அப்போது இல்லை.

மற்ற அறிகுறிகளும் உண்டு. சாதாரணத் தொப்பி போட்ட போலீசார் பின்வாங்கி, ஹெல்மெட்டும் கேடயமும் வைத்திருப்பவர்கள் முன்னே வருவார்கள். பக்கத்துச் சந்துகளில் ஜன்னலுக்குக் கம்பிவலை போட்ட வண்டிகள் வந்து நிற்கும். மெட்ரோ நிலையத்தின் வாயில் மூடப்படும். செய்தியாளர்கள் பேசுவதை நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டுவார்கள். செல்பேசியில் இணையம் திணறும். 2020 ஆகஸ்டில் பெலாரசில் தேர்தல் நாளிலிருந்து ஏறத்தாழ மூன்று நாள் நாடு முழுக்க இணையம் முடங்கிக் கிடந்தது. வரைபடத்தை முன்பே தரவிறக்கி வைத்திராத பயணிக்கு அந்த மூன்று நாளில் திசைகூடத் தெரிந்திருக்காது.

நடுவில் மாட்டிக்கொண்டால் ஓடுவதா, நிற்பதா?

ஓடாதீர்கள். ஓடுகிறவரைத்தான் துரத்துவார்கள். விழுந்தால் மிதிபடவும் நேரும். கூட்டம் போகும் திசையிலும் வேண்டாம், போலீஸ் வரும் திசையிலும் வேண்டாம். குறுக்காக, சுவரோரம், வேகமாக நடந்து முதல் பக்கத்துத் தெருவில் திரும்பிவிடுங்கள். கைகள் வெளியே தெரியட்டும். முட்டுச்சந்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் ஹோட்டல், மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் எதுவானாலும் உள்ளே போய்விடலாம். 2013இல் தக்சிம் பக்கத்தில் கண்ணீர்ப்புகைக்குத் தப்பி ஓடி வந்தவர்களை ஒரு பெரிய ஹோட்டல் உள்ளே விட்டதும், அதன் வரவேற்பறையே முதலுதவிக் கூடமாக மாறியதும் பலருக்கு நினைவிருக்கும்.

அவசரத்துக்குக் காரணம் சுற்றிவளைப்பு. நாலு பக்கமும் வரிசை கட்டி நின்று, உள்ளே இருப்பவர் யாரையும் மணிக்கணக்கில் வெளியே விடாத உத்தி இது. 2001 மே 1 அன்று லண்டன் ஆக்ஸ்போர்டு சர்க்கஸில் இப்படிச் சுமார் ஏழு மணி நேரம் ஆயிரக்கணக்கானோரை நிறுத்தி வைத்தார்கள். போராட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் அந்த வழியாகப் போனவர்களும் அதில் அகப்பட்டார்கள். அவர்களில் சிலர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். அன்றைய சூழ்நிலையில் அதைச் சுதந்திரப் பறிப்பாகக் கொள்ள முடியாது என்று 2012இல் தீர்ப்பு வந்தது. ‘நான் சும்மா அந்தப் பக்கமாகப் போனேன்’ என்பது உண்மையாக இருக்கலாம். அதைச் சொன்னதும் வழி விடுவார்கள் என்று நம்பாதீர்கள்.

குழந்தையோடும் முதியவரோடும் போகிறவர்கள், பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று தினமும் காலையிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. அதற்குப் போராட்டமே நடக்க வேண்டியதில்லை.

கண்ணீர்ப்புகை பட்டுவிட்டால் என்ன செய்வது?

அது புகையே அல்ல, வாயுவும் அல்ல. மிக நுண்ணிய தூள். பரவலாகப் பயன்படும் சிஎஸ் என்ற வகைக்கு, அதை 1928இல் உருவாக்கிய கார்சன், ஸ்டௌட்டன் என்ற இரண்டு வேதியியலாளர்களின் முதலெழுத்துகளே பெயராகிவிட்டன. 1993இன் ரசாயன ஆயுத ஒப்பந்தம் இதைப் போர்க்களத்தில் பயன்படுத்தக் கூடாது என்கிறது. உள்நாட்டில் கூட்டம் கலைக்கப் பயன்படுத்துவதை மட்டும் அதே ஒப்பந்தம் அனுமதிக்கிறது. எதிரிப் படைமீது வீசக் கூடாததைச் சொந்தக் குடிமக்கள்மீது வீசலாம் என்ற கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

தூள் என்பதால் துணியிலும் முடியிலும் தோலிலும் ஒட்டும். காற்று எங்கிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் நகருங்கள். அந்த மேகம் காற்றைவிடக் கனமானது, தாழ்வில் தங்கும். அதனால் மேடான இடம் தேடுங்கள். சுரங்கப்பாதைக்குள் இறங்குவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும், அதுதான் மிக மோசமான யோசனை. கண்ணைக் கசக்காதீர்கள். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கையைக் கழுவிவிட்டுக் கழற்றி எறியுங்கள். நிறையச் சுத்தமான தண்ணீரால் பத்துப் பதினைந்து நிமிடம் கண்ணைக் கழுவுங்கள். பால், வினிகர், பற்பசை என்று ஆளாளுக்கு ஒன்றை நீட்டுவார்கள். தண்ணீரைவிட அவை மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை. தெருவில் கிடைக்கும் பாலைக் கண்ணில் ஊற்றினால் கிருமித்தொற்று வேண்டுமானால் வரும். விழுந்து கிடக்கும் குப்பியைக் கையால் எடுக்காதீர்கள், தோல் வெந்துவிடும்.

நல்ல காற்றுக்கு வந்தபின் பெரும்பாலானோருக்கு அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள் அடங்கும்வரை காத்திருக்கக் கூடாது, மருத்துவரிடம் போய்விட வேண்டும். அறைக்குத் திரும்பியதும் உடுப்பைக் கழற்றி ஒரு பையில் தனியாகக் கட்டி வையுங்கள். தலைவழியாக இழுத்துக் கழற்றினால் தூள் மறுபடியும் முகத்தில்தான் விழும். அந்தச் சட்டையோடு படுக்கையில் விழுந்து, நள்ளிரவில் மறுபடி கண்ணெரிந்து எழுந்தவன் எழுதுகிறேன்.

ரப்பர் குண்டு உயிருக்கு ஆபத்தில்லாதது என்கிறார்களே?

கண்ணில் பட்டால் கண் போய்விடும். சிலேயில் 2019இன் கடைசி மாதங்களில் 400க்கும் மேற்பட்டோர் கண்ணில் காயம்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஹாங்காங்கில், செய்தியாளர் என்று தெரியும்படி மேலங்கி அணிந்திருந்த இந்தோனேசியப் பெண் ஒருவர் வலது கண்ணின் பார்வையை இழந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகுங்கள். எட்டிப் பார்க்காதீர்கள். ஜன்னலிலிருந்தும்தான், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பதுகூடக் குற்றமா?

சில நாடுகளில் ஆம். இதில்தான் பயணிகள் பலர் ஏமாந்துபோகிறார்கள். சிங்கப்பூரில் அனுமதியில்லாமல் ஒரே ஒருவர் பதாகையோடு நின்றாலும் அது சட்டத்தின் கண்ணில் கூட்டம்தான். அனுமதியே தேவைப்படாத ஹாங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையிலும் வெளிநாட்டவருக்கு இடமில்லை. 2017இல் அங்கு ஒரு நிகழ்ச்சிக்குத் தடுப்பு வைத்து அடையாள அட்டை பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். கலந்துகொள்பவர், பார்ப்பவர் என்று சட்டம் இனிப் பிரித்துப் பார்க்காது என்று அமைப்பாளர்களே அறிவித்திருந்தார்கள்.

மலேசியாவின் 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டமும் கூடும் உரிமையைக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. 2015 ஆகஸ்டில், நேர்மையான தேர்தல் கேட்கும் பெர்சே இயக்கத்தின் பேரணிக்கு முன்பு அதன் பெயர் பொறித்த மஞ்சள் சட்டையையே தடை செய்தார்கள். 2012இல் முந்தைய பெர்சே பேரணியைப் பார்வையாளராகப் பார்த்த ஆஸ்திரேலிய செனட்டர் நிக் செனபோன், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கோலாலம்பூர் விமான நிலையத்திலேயே நிறுத்தப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். செனட்டருக்கே அந்த மரியாதை என்றால் நமக்கு என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்த் தெருக்களை நம்மவர்களும் அறிவார்கள். 2007 நவம்பர் 25 அன்று மலேசியத் தமிழர்கள் காந்தி படத்தைப் பிடித்துக்கொண்டு திரண்டபோது கண்ணீர்ப்புகையும் தண்ணீரும்தான் கிடைத்தன.

சர்வதேசச் சட்டம் என்ன சொல்கிறது என்றால், வேறு. 1966இன் குடிமை அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 21ஆம் பிரிவு அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது. அது வெளிநாட்டவருக்கும் உண்டு என்றும், கூட்டத்தைச் சட்டவிரோதம் என்று அறிவித்துக் கலைத்தாலும் அதைக் கண்காணித்துப் பதிவுசெய்யும் உரிமை முடிந்துவிடாது என்றும் ஐநா மனித உரிமைக் குழு 2020இல் விளக்கம் எழுதியது. நல்ல விளக்கம். ஆனால் சிங்கப்பூரும் மலேசியாவும் அந்த உடன்படிக்கையில் சேரவே இல்லை. சீனா 1998இல் கையெழுத்திட்டதோடு சரி, ஏற்புறுதி செய்யவில்லை. வண்டியில் ஏற்றும் போலீஸ்காரரிடம் 21ஆம் பிரிவை எடுத்துச் சொல்லிப் பயனில்லை.

ஆகவே புறப்படும் முன், அந்த நாட்டில் வெளிநாட்டவர் கூட்டத்தில் நிற்கலாமா என்பதையும் விசா விதியோடு சேர்த்துப் படித்துவிடுங்கள். போராட்டத்தின் நிறம் எதுவென்றும் தெரிந்துகொண்டு அன்றைக்கு வேறு நிறம் உடுத்துங்கள்.

அவர்களோடு போய் உட்கார்ந்துவிட வேண்டும் போல இருக்கிறது. கூடாதா?

உங்கள் மனசு புரிகிறது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். எல்லா அரசுகளும் இத்தகைய நேரத்தில் தேடுவது ஒரு வெளிநாட்டு முகத்தை. ‘அந்நியச் சதி’ என்று சொல்ல ஒரு புகைப்படம் போதும். 2019இல் ஹாங்காங் மக்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தபோதும் பெய்ஜிங் அதை வெளிச் சக்திகளின் கைவரிசை என்றே சொல்லிவந்தது. நீங்கள் போய் உட்கார்வதால் கூட்டத்தில் ஓர் ஆள் கூடும். கூடவே அரசுக்கு ஒரு சாட்சியும் கிடைக்கும்.

உங்களுக்கு நேரக்கூடியது பெரும்பாலும் அடுத்த விமானம்தான். 2019 டிசம்பரில் இந்தியாவில் குடியுரிமைச் சட்டத் திருத்தத்துக்கு எதிரான போராட்டத்தில் கலந்துகொண்டதற்காகச் சென்னையில் படித்த ஒரு ஜெர்மானிய மாணவரும், கேரளத்துக்கு வந்திருந்த நார்வே நாட்டுப் பயணி ஒருவரும் வெளியேறச் சொல்லப்பட்டார்கள். எல்லா இடத்திலும் விமானத்தோடு முடியும் என்றும் சொல்ல முடியாது. 2024 ஜூலையில், தங்கள் தாய்நாட்டு அரசுக்கு எதிராக ஐக்கிய அரபு அமீரகத்துத் தெருவில் கூடிய 57 வங்கதேசத்தவருக்கு அபுதாபி நீதிமன்றம் தண்டனை விதித்தது. மூவருக்கு ஆயுள், 53 பேருக்குப் பத்தாண்டு, ஒருவருக்குப் பதினோராண்டு. செப்டம்பரில் மன்னிப்புக் கிடைத்து ஊர் திரும்பினார்கள் என்பது அவர்களின் நல்ல காலம்.

படம் எடுக்கலாமா?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் பொது இடத்தில் போலீசாரைப் படமெடுப்பது அரசமைப்பு தரும் உரிமை என்று பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஸ்பெயினின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் போலீசாரின் படத்தை அனுமதியின்றிப் பயன்படுத்துவதற்கே அபராதம் வைத்தது. 2020இல் அரசமைப்பு நீதிமன்றம் அந்த ‘அனுமதியின்றி’ என்ற சொல்லை நீக்கியது. பல நாடுகளில் சட்டம் எதுவும் சொல்லாது, கையிலிருக்கும் தடிதான் சொல்லும்.

படத்தின் பலனை யாரும் மறுக்க முடியாது. 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு இறந்தபின் போலீஸ் முதலில் வெளியிட்ட அறிக்கை, போலீஸ் நடவடிக்கையின்போது ஒருவருக்கு உடல்நலக் கோளாறு ஏற்பட்டு இறந்தார் என்ற அளவில்தான் இருந்தது. கடைக்குப் போகும் வழியில் நின்ற 17 வயதுப் பெண் கையை எடுக்காமல் ஏறத்தாழ பத்து நிமிடம் படம் பிடித்ததால்தான் உலகத்துக்கு உண்மை தெரிந்தது.

நான் எடுத்த படத்தின் கதை வேறு. காப்பிக் கடையிலிருந்து ஓடி அறைக்கு வந்துவிட்டேன், மூன்றாவது மாடி. அந்த அம்மாள் வீடு முழுக்க விளக்கை அணைத்திருந்தார். நான் திரையை விலக்கிப் படமெடுக்க ஆரம்பித்தேன். இருட்டில் என் செல்பேசியின் திரை மட்டும் விளக்குபோல எரிந்துகொண்டிருந்தது, எனக்கு அது உறைக்கவில்லை. கீழே ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த நொடி ஜன்னல் கண்ணாடி உள்ளே கொட்டியது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் துடைப்பத்தை எடுத்து வந்து, இருட்டிலேயே பெருக்கினார். மறுநாள் காலை அந்த வாசலில் வந்து நின்ற போலீசாருக்குப் பதில் சொன்னவரும் அவர்தான். நான் அதற்குள் விமான நிலையத்தில் இருந்தேன். படமோ, தெளிவில்லாத ஆட்டம்.

எடுப்பதென்றால் திரையின் ஒளியைக் குறையுங்கள், பிளாஷை அணையுங்கள், வெளியேறும் வழியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். செல்பேசியைக் கிடைவாட்டில் பிடித்து ஆட்டாமல் வையுங்கள். துண்டு துண்டாக வேண்டாம், நீளமாக ஒரே ஓட்டம். தெருப் பெயர், மணிக்கூண்டு, கட்டடம் எதையாவது ஒருமுறை காட்டுங்கள், இடத்தை நிறுவ அதுதான் உதவும். பேசாதீர்கள். உங்கள் ஆவேசக் கூச்சல், போலீஸ் எச்சரிக்கை கொடுத்ததா இல்லையா என்பதை மறைத்துவிடும். போலீசார் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள்.

எடுத்ததை உடனே இணையத்தில் போடலாமா?

போடாதீர்கள். அன்றிரவு போடவே போடாதீர்கள். படத்தில் தெரியும் முகங்கள் நாளைக்கும் அந்த ஊரில்தான் இருக்கும். அதே படத்தை வைத்து ஆள் தேடுவார்கள். முகத்தை மறைக்கும் வசதி சிக்னல் செயலியில் 2020 முதல் இருக்கிறது. மறைத்தது நகலாக இருக்கட்டும். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள், வெட்டாதீர்கள், வடிகட்டி போடாதீர்கள். விசாரணைக்குப் பயன்படுவது மூலம்தான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு, எடுத்த நேரமும் இடமும் பற்றிய பதிவும் அழிந்துபோகும். பாதுகாப்புக்கு அது நல்லது, ஆதாரத்துக்குக் கெட்டது. எது வேண்டுமென்று தெரிந்து அனுப்புங்கள்.

நீங்கள் இன்னும் அந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். 2022இல் காலிமுகத்திடல் போராட்டத்தைப் பற்றிச் சமூக ஊடகத்தில் எழுதிவந்த பிரித்தானியப் பெண் ஒருவரின் கடவுச்சீட்டை ஆகஸ்டில் குடிவரவு அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள், விசாவும் ரத்தானது. ஹாங்காங்கின் 2020ஆம் ஆண்டுத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவோ, ஹாங்காங்வாசி அல்லாதவர் வெளிநாட்டிலிருந்து செய்வதையும் குற்றமாகக் கொள்கிறது. ஊர் திரும்பியபின் எழுதிவிட்டு மறுபடி அங்கே விடுமுறைக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு டிக்கெட் எடுக்கவும்.

படம் எடுக்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். அதனால் ஏதாவது பயன் உண்டா?

இருக்கிறது, பலர் நினைப்பதைவிட அதிகமாக. 2013 ஜூன் தொடக்கத்தில் இஸ்தான்புல் தெருவெல்லாம் கண்ணீர்ப்புகையில் மூழ்கிக் கிடந்தபோது, அங்குள்ள ஒரு செய்தித் தொலைக்காட்சி பென்குயின்களைப் பற்றிய ஆவணப்படம் காட்டிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட இரவில் கண்ணால் பார்த்தவர் எழுதிவைத்த இரண்டு பக்கம்கூடப் பெரிய ஆவணம்தான். அந்த ஊர் அரசியலில் எந்தப் பக்கமும் சேராத வெளியாள் எழுதியது என்பதும் அதற்கு எடை கூட்டும்.

ஆனால் அன்றிரவே எழுத வேண்டும். செய்தி பார்க்கும் முன், மற்றவரோடு பேசும் முன். இரண்டு நாள் போனால் நீங்கள் பார்த்ததும் செய்தியில் பார்த்ததும் கலந்துவிடும். ‘கொடூரமாக’, ‘மிருகத்தனமாக’ என்றெல்லாம் எழுதினால் உங்கள் கோபம்தான் தெரியும். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தீர்கள், நடுவே மரமோ வண்டியோ மறைத்ததா என்று எழுதுங்கள். பார்த்தது வேறு, கேட்டது வேறு, ஊகித்தது வேறு. மூன்றையும் தனித்தனியே வையுங்கள்.

விசாரிப்பவர்கள் எதைத் தேடுவார்கள் என்று தெரிந்தால் எழுதுவது எளிது. 1990இல் ஹவானாவில் கூடிய ஐநா மாநாடு, காவலர்கள் பலத்தையும் துப்பாக்கியையும் பயன்படுத்துவதற்கான அடிப்படை விதிகளை வகுத்தது. கூட்டம் சட்டவிரோதமாகவே இருந்தாலும் வன்முறை இல்லாவிட்டால் பலத்தைத் தவிர்க்க வேண்டும், முடியாவிட்டால் மிகக் குறைந்த அளவோடு நிறுத்த வேண்டும் என்பது அதிலொன்று. காயம்பட்டவருக்கு விரைந்து உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது இன்னொன்று. ஆகவே கலைந்துபோகச் சொல்லி அறிவித்தார்களா, எந்த மொழியில், எத்தனை தடவை? அறிவித்தபின் எவ்வளவு நேரம் கொடுத்தார்கள்? வெளியேற வழி திறந்திருந்ததா? முதல் அடி எந்தப் பக்கமிருந்து விழுந்தது? விழுந்தவரை அடித்தார்களா? சீருடையில் எண்ணோ பெயரோ இருந்ததா? ஆம்புலன்ஸை உள்ளே விட்டார்களா? இந்தக் கேள்விகளுக்கு உங்களிடம் உள்ள பதிலை எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள்.

என் குறிப்பேட்டில் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் எழுதிய ஒரு வரி இருந்தது. ‘காலை 6.10. தண்ணீர் லாரி சாலையைக் கழுவுகிறது. துப்புரவுத் தொழிலாளி ஒற்றைச் செருப்புகளைக் கோணிப்பையில் பொறுக்குகிறார்.’ முக்கியமான செய்தி என்று நினைத்து எழுதியதல்ல, கை எழுதிவிட்டது. பல மாதம் கழித்து, இத்தகைய சாட்சியங்களைத் தொகுக்கும் ஒருவரிடம் அந்தப் பக்கங்களைக் கொடுத்தேன். என் ஆட்டம் கண்ட வீடியோவை அவர் ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்துவிட்டார். செருப்பு வரியில் விரலை வைத்து இரண்டு கேள்வி கேட்டார். சாலையின் எந்தப் பக்கம் கிடந்தன? குழந்தைகள் அளவில் ஏதாவது இருந்ததா? கூட்டம் எந்தத் திசையில் ஓடியது, யார் யார் இருந்தார்கள் என்பதை அவர் அதிலிருந்து கணக்கிட்டார். முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டாவதற்கும் இருந்தது.

யாரோ கல் எறிந்தார்கள். அப்படியானால் அது அமைதிப் போராட்டம் இல்லையே?

ஒருவர் எறிந்த கல்லை ஆயிரம் பேர் தலையில் கட்ட முடியாது. மேலே சொன்ன 2020ஆம் ஆண்டு ஐநா விளக்கமும் அதையேதான் சொல்கிறது. கல்லைப் பார்த்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், எப்போது என்பதோடு. தடியடிக்கு முன்பா பின்பா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மறுபக்கம், எவ்வளவு அமைதியாக இருந்தாலும் சிலருக்குப் போதாது. 2013 ஜூன் 17 அன்று எர்தெம் குந்துஸ் என்ற கலைஞர் தக்சிமில் மணிக்கணக்கில் பேசாமல் நின்றார், வேறொன்றும் செய்யவில்லை. அவரோடு வந்து நின்றவர்களைப் போலீஸ் பிடித்துப் போனது. 2022இல் ரஷ்யாவில் ஒன்றுமே எழுதாத வெள்ளைத் தாளைப் பிடித்து நின்றவர்களையும் பிடித்தார்கள்.

போலீஸ் என்னைப் பிடித்துவிட்டால்?

வாதாடாதீர்கள், பொய்யும் சொல்லாதீர்கள். பெயர், நாடு, தங்கும் விடுதி. அதற்கு மேல், வழக்கறிஞரோ தூதரக அதிகாரியோ வரட்டும் என்று பணிவாகச் சொல்லலாம். 1963இன் வியன்னாத் தூதரக உறவு ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவுப்படி, கைதான வெளிநாட்டவருக்குத் தன் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும் உரிமை உண்டு. அதைத் தாமதமின்றி அவரிடம் சொல்வது பிடித்தவர்களின் கடமை. உளவாளி என்று பாகிஸ்தான் சிறையில் அடைத்த இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில் அந்த நாடு இந்தப் பிரிவை மீறியது என்றுதான் 2019இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல இடங்களில் நீங்களாகக் கேட்டால்தான் தகவல் போகும். ‘என் தூதரகம்’ என்பதை அந்த ஊர் மொழியில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

தூதரகம் வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று எண்ண வேண்டாம். வந்து பார்ப்பார்கள், வழக்கறிஞர் பட்டியல் தருவார்கள், வீட்டுக்குச் சொல்வார்கள். விடுவிப்பது அவர்கள் கையில் இல்லை. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்த உதவியும் சந்தேகம்தான். பிடித்த நாடு உங்களைத் தன் குடிமகன் என்று கருதினால் இன்னொரு தூதரகத்தைக் கிட்டே விடாது.

படிக்கத் தெரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், இந்த மொழி எனக்குப் புரியவில்லை என்று பக்கத்தில் தமிழிலாவது எழுதிக் கையெழுத்திடுங்கள்.

செல்பேசியைக் கேட்டால் கொடுப்பதா?

கடவுச்சொல்லைக் கட்டாயப்படுத்திக் கேட்க முடியுமா என்பது ஒவ்வொரு நாட்டுச் சட்டத்தையும் பொறுத்தது. விரலையோ முகத்தையோ காட்டச் செய்வது பல இடங்களில் அதைவிட எளிது. கைரேகைப் பூட்டையும் முகப் பூட்டையும் எடுத்துவிட்டு நீளமான எண்ணை வையுங்கள். பிடிபட்டபின் எதையும் அழிக்கப் பார்க்காதீர்கள், அதுவே தனிக் குற்றமாகிவிடும். தூதரக எண்ணையும் வீட்டு எண்ணையும் ஒரு துண்டுத் தாளிலும் எழுதி வைத்திருங்கள்.

பயணத்தை முடித்துக்கொண்டு திரும்பிவிடலாமா?

திரும்பலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காப்பீட்டுப் பத்திரத்தைப் படியுங்கள். கலவரத்தில் பங்கெடுத்ததால் வந்த செலவைப் பெரும்பாலான நிறுவனங்கள் தருவதில்லை. சில, கலவரம் என்ற சொல் இருந்தாலே தருவதில்லை.

அங்கே பழகியவர்களை ஊர் வந்தபின் தொடர்புகொள்ளலாமா?

அவர்களாக எழுதும்வரை பொறுங்கள். ‘அன்றைக்கு நடந்தது’ என்று தொடங்கும் ஒரு செய்தி அவர்கள் செல்பேசியில் கிடப்பதே அவர்களுக்கு வம்பு. அவர்கள் வானிலையைப் பற்றி எழுதினால் நீங்களும் வானிலையைப் பற்றி எழுதுங்கள். பணம் அனுப்பத் தோன்றும். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு அவர்கள் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும், கேட்காமல் அனுப்பாதீர்கள்.

எனக்கு அறை கொடுத்த அம்மாள் ஒன்பது மாதம் ஒன்றும் எழுதவில்லை. பிறகு புத்தாண்டுக்கு ஓர் அட்டை வந்தது. பேரன் பள்ளியில் சேர்ந்துவிட்டான், இந்த வருடம் பனி குறைவு, மூன்றாவது மாடி அறைக்குக் கண்ணாடி மாற்றியாகிவிட்டது என்று எழுதியிருந்தார். எந்தக் கண்ணாடி என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. இங்கேயும் இந்த வருடம் மழை குறைவு என்று பதில் எழுதினேன்.